திருப்பி அனுப்பும் கதவுகள்: குடும்ப வன்முறையிலிருந்து வெளியேற ஒரு முழுமையான வழிகாட்டி

அடிபட்ட பெண் முதலில் பிறந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போ, அவருக்குக் கோபம் தணிஞ்சிடும்" என்கிறார்கள். அடுத்தது காவல் நிலையம். "குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், அனுசரிச்சுப் போம்மா" என்கிறார்கள். அதற்கடுத்து வழக்கறிஞர், நீதிமன்றம், வாய்தா. எந்த வீட்டிலிருந்து தப்பி வந்தாளோ, அந்த வீட்டுக்கே ஒவ்வொரு கதவும் அவளைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய அளவில் இது 29.3 விழுக்காடு. உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ உள்ளான இந்தியப் பெண்களில் 14 விழுக்காட்டினர் மட்டுமே யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. மற்றவர்களுக்குத் துணிச்சல் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தட்டிய கதவுகளைப் பற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னதை அவர்கள் கேட்டிருப்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கதவுகளின் வரிசையிலேயே செல்கிறது. எந்த வாசலில் என்ன சொல்ல வேண்டும், கையில் எந்தக் காகிதம் இருக்க வேண்டும், திருப்பி அனுப்ப முயன்றால் எந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்பதே இதன் நோக்கம். தமிழ்நாட்டு நடைமுறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தாலும், இங்கே பேசப்படும் சட்டங்கள் இந்தியா முழுவதற்கும் பொருந்தும். இந்த நொடியில் ஆபத்தில் இருப்பவர் படிப்பதை நிறுத்திவிட்டு 112க்கு அழைக்க வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கான எண் 1098.

முதல் படி: நடப்பதற்குப் பெயர் வைத்தல்

"அவர் அப்படியொன்றும் பெரிதாக அடிப்பதில்லை" என்றுதான் பெரும்பாலான பெண்கள் பேச்சைத் தொடங்குகிறார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, உடல் வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் செய்யப்படும் வன்முறை, பொருளாதார வன்முறை என நான்கையும் ஒரே தட்டில் வைக்கிறது. பிள்ளை இல்லை என்றோ, பெண் குழந்தை பிறந்தது என்றோ ஏசுவதும் அதில் அடங்கும்.

நான்கில் எளிதில் கண்ணில் படாதது பொருளாதார வன்முறைதான். சம்பளம் வரும் வங்கி அட்டையைப் பறித்து வைத்துக்கொள்வது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் பட்டினி போடுவது, வேலைக்குப் போவதைத் தடுப்பது, தாய்வீட்டு நகையை அடகு வைத்து ரசீதை ஒளித்து வைப்பது ஆகிய யாவும் இந்த வகை. மகளிர் சுயஉதவிக் குழுவிலும் சிறுகடன் நிறுவனத்திலும் மனைவியின் பெயரில் கடன் எடுக்கச் செய்து, பணத்தைத் தான் வாங்கிக்கொண்டு, வாரத் தவணைக்கு அவளை நடுத்தெருவில் நிறுத்துவதும் இதைச் சேர்ந்ததுதான். இதை வன்முறை என்று அந்தக் குழுவில் இருப்பவர்களே பல நேரம் உணர்வதில்லை.

பாலியல் வன்முறையில் சட்டத்தின் நிலை சற்றுக் கோணலானது. 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் வற்புறுத்தி உறவு கொள்வதை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 63ஆம் பிரிவின் விதிவிலக்கால் பாலியல் வல்லுறவுக் குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது வன்முறையே. அதைச் சொல்லி, வன்முறையைத் தடை செய்யும் நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். ஆகவே வெட்கத்தின் காரணமாக அந்தப் பகுதியை மனுவில் விட்டுவிட வேண்டாம்.

குடியைப் பற்றியும் ஒரு சொல். "குடிச்சாத்தான் அடிப்பார், மத்தபடி தங்கமானவர்" என்பதை நம்பும் முன், அதே போதையில் அவர் தன் மேலதிகாரியையோ சாலையில் வண்டியை நிறுத்தும் காவலரையோ அடிக்கிறாரா என்று யோசித்துப் பாருங்கள். யாரை அடித்தால் கேள்வி வராது என்பது போதையிலும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டத்தின் பாதுகாப்பு மனைவிக்கு மட்டும் உரியதன்று. தந்தையிடமோ அண்ணனிடமோ அடிவாங்கும் மகள், மகனிடம் அடிவாங்கும் தாய், கூட்டுக்குடும்பத்தில் வாழும் விதவை, திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண் ஆகிய எல்லாரும், எந்த மதத்தினராயினும், இதன் கீழ் வருவார்கள். எதிர்மனுதாரர் வயது வந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரையறையை உச்ச நீதிமன்றம் 2016இல் ஹிரால் ஹர்சோரா வழக்கில் நீக்கிவிட்டதால், மாமியார், நாத்தனார் மீதும் மனு செய்யலாம். இந்தச் சட்டத்தின் கீழ் ஆண்கள் மனு செய்ய இயலாது; அடியும் மிரட்டலும் எதிர்கொள்ளும் ஆண்களுக்குப் பொதுவான குற்றவியல் சட்டமும், முதியவர்களுக்கு 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் வழி.

இரண்டாம் படி: ஆபத்தின் அளவை அறிதல்

எல்லா வன்முறையும் ஒரே வேகத்தில் உயிரைத் தொடுவதில்லை. கழுத்தை நெரித்தது ஒருமுறையாக இருந்தாலும் அதை மிகக் கடுமையான எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். வெளியே தடம் எதுவும் தெரியாமலேயே உள்ளே காயம் இருக்கக்கூடும் என்பதால், குரல் கம்மினாலோ விழுங்க வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ காட்டி மிரட்டுவது, கருவுற்றிருக்கும்போது அடிப்பது, "நீ போனால் பிள்ளைகளைக் கொன்றுவிட்டு நானும் செத்துவிடுவேன்" என்பது, வேலையிடத்துக்குப் பின்தொடர்வது ஆகியவையும் அதே வரிசையில் வருபவை.

பெண் பிரிந்து செல்லும் நேரமும் அதை அடுத்த வாரங்களும்தான் மிகவும் ஆபத்தானவை. கட்டுப்பாடு கைநழுவுகிறது என்று தெரிந்ததும் வன்முறை கூடுகிறது. எனவே "நான் போகிறேன், வழக்குப் போடுகிறேன்" என்று சண்டையின் நடுவில் அறிவிக்க வேண்டாம். போவதென்று முடிவு செய்தவர் அதைச் சொல்லாமல் செய்வதே பாதுகாப்பு.

மூன்றாம் படி: வெளியேறுவதற்கு முந்தைய நாட்கள்

அவசரமில்லாத நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டியவை காகிதங்கள். ஆதார், குடும்ப அட்டையின் நகல், திருமணப் பதிவுச் சான்று, அது இல்லையென்றால் திருமண அழைப்பிதழும் புகைப்படங்களும், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம், குழுக் கடன் புத்தகம், நகை வாங்கிய ரசீது, சீர்வரிசைப் பட்டியல், கணவரின் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய தடத்தை அழித்துவிடலாம். மூலங்கள் ஒரேயடியாகக் காணாமற்போனால் சந்தேகம் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

கைப்பேசியை நம்பிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து பார்த்தால், உங்கள் செய்திகள் இன்னொரு கணினியிலோ கைப்பேசியிலோ திறந்திருக்கிறதா என்பது தெரியும். கூகுள் கணக்கின் கடவுச்சொல் கணவருக்குத் தெரிந்திருந்தால் நீங்கள் இருக்குமிடமும் தெரியக்கூடும். சிம் அட்டை அவர் பெயரில் இருந்தால், அவரால் அதை முடக்க முடியும். வீட்டில் இருக்கும்போதே எல்லாவற்றையும் மாற்றினால் மாட்டிக்கொள்வீர்கள். 181க்குப் பேசுவது போன்ற முக்கியமான அழைப்புகளைத் தோழியின் கைப்பேசியிலிருந்து செய்துவிட்டு, கடவுச்சொற்களை வெளியேறிய அன்றே மாற்றுவது நல்லது. புதிய வங்கிக் கணக்கு தொடங்கும்போது பழைய கைப்பேசி எண்ணைக் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு வரவுக்கும் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குப் போகும்.

எங்கே போவது என்பதுதான் பெரிய கேள்வி. பிறந்த வீடு பாதுகாப்பானதாக இருந்தாலும், கணவர் முதலில் தேடி வரும் இடமும் அதுதான். மாவட்டந்தோறும் 'சகி' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இயங்குகின்றன. 2015இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. மருத்துவ உதவி, ஆலோசனை, காவல் துறைத் தொடர்பு, சட்ட உதவி ஆகியவற்றுடன், 5 நாள் வரை தங்குமிடமும் அங்கே உண்டு. அதற்கு மேல் தேவையென்றால் விடுதி அல்லது காப்பகத்துக்கு அவர்களே அனுப்பிவைப்பார்கள். 181க்கு அழைத்தால் அருகிலுள்ள மையத்தோடு இணைப்பார்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது, கையில் ஒரு ரூபாயும் இல்லாமல் கிளம்பும் பெண்ணுக்கு மிகப் பெரிய விஷயம் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

நான்காம் படி: காயத்தைக் காகிதமாக்குதல்

அரசு மருத்துவமனையில் அடிபட்டு வந்தவரின் விவரத்தை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். எப்படிக் காயம்பட்டது, யார் அடித்தது என்று மருத்துவர் கேட்கும் அந்த ஒரு நிமிடம் பின்னாளில் வழக்கையே தீர்மானிக்கும். பக்கத்தில் மாமியார் நிற்கிறார் என்பதற்காகப் "படிக்கட்டில் விழுந்தேன்" என்று சொல்லிவிட்டால், இரண்டு ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த வரியைத்தான் முதலில் படித்துக் காட்டுவார்கள். உடன் வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லும்படி செவிலியரிடம் தாழ்ந்த குரலில் கேட்கலாம். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அடித்தவரின் பெயரையும் உறவையும் அடித்த பொருளையும் எழுதச் சொல்லிவிட்டு, சீட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தீக்காயங்களில் இது இன்னும் கொடுமையானது. அடுப்பு வெடித்தது என்றும், சேலையில் தீப்பிடித்தது என்றும் சொல்லும்படி, உயிருக்குப் போராடும் பெண்ணிடமே பிள்ளைகளைக் காட்டிக் கெஞ்சுவதும் மிரட்டுவதும் நடக்கிறது. தீக்காயத்தோடு வருபவரின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) நேரில் வந்து பதிவு செய்வார். அந்த நேரத்தில் உறவினர் யாரும் அறைக்குள் இல்லாமல் பார்த்துக்கொள்வது, உடன் இருக்கும் தோழியோ அண்டை வீட்டாரோ செய்யக்கூடிய மிக முக்கியமான உதவி.

மற்ற சான்றுகளுக்கு மருத்துவமனை தேவையில்லை. காயத்தைப் பகல் வெளிச்சத்தில், முகமும் தெரியும்படி ஒன்றும் அருகில் வைத்து ஒன்றும் படமெடுங்கள். இரண்டு மூன்று நாளில் கன்றிப்போன பிறகு மறுபடியும் எடுங்கள். மிரட்டும் குரல் செய்திகளை வேறொருவருக்கு அனுப்பி வைப்பதோடு, அவை வந்த கைப்பேசியையும் பத்திரமாக வைத்திருங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். நாள், நேரம், நடந்தது, பார்த்தவர் யார் என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வருவது, நினைவு குழம்பும் நாட்களில் உங்களுக்கே கைகொடுக்கும். அதைப் புகுந்த வீட்டில் வைக்கக் கூடாது.

ஐந்தாம் படி: பாதுகாப்பு அலுவலரைத் தேடிச் செல்லுதல்

குடும்ப வன்முறை என்றதும் எல்லாருக்கும் காவல் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய முக்கியமான பதவி பாதுகாப்பு அலுவலர்; தமிழ்நாட்டில் அவர் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருப்பார். பெண் சொல்வதைக் கேட்டுக் குடும்ப நிகழ்வு அறிக்கை என்னும் முதல் படிவத்தைத் தயாரித்து நடுவருக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்புவது, மனு எழுத உதவுவது, மருத்துவப் பரிசோதனைக்கும் தங்குமிடத்துக்கும் ஏற்பாடு செய்வது, நீதிமன்ற ஆணை நிறைவேறுவதைப் பார்த்துக்கொள்வது ஆகியவை அவருடைய கடமைகள். தக்க காரணமின்றி, நடுவர் இட்ட பணியைச் செய்யத் தவறும் அலுவலருக்கே ஓராண்டு வரை சிறை என்று 33ஆம் பிரிவு சொல்கிறது.

சட்டம் எழுதியவர்கள் நினைத்ததற்கும் நடப்பதற்கும் இடையில் தூரம் உண்டு; ஒரு மாவட்டம் முழுவதற்கும் இருக்கும் அலுவலரின் மேசையில் வேறு பல திட்டங்களின் கோப்புகளும் கிடக்கும். ஆகவே நேரில் போனால் மனுவின் இரண்டாம் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கை தாமதமாகிறது என்றால் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நிகழ்வு அறிக்கை இல்லாமலேயே நடுவர் ஆணை பிறப்பிக்கலாம் என்று 2022இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உங்களால் வெளியே வர முடியாவிட்டால், தகவல் அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது எந்த வழக்கும் பாயாது என்பதை 4ஆம் பிரிவு உறுதி செய்கிறது. பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு 'நமக்கெதற்கு வம்பு' என்று தொலைக்காட்சி ஒலியைக் கூட்டுபவர்கள் அறிய வேண்டிய பிரிவு இது.

ஆறாம் படி: காவல் நிலையத்தில்

1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது; இன்று அவை மாநிலம் முழுவதும் இருக்கின்றன. பெண்கள் கூசாமல் பேசக்கூடிய இடமாக வந்த இந்த நிலையங்கள், காலப்போக்கில் சேர்த்து வைக்கும் இடங்களாகவும் ஆகிவிட்டன என்பதே என் கருத்து. சேர்த்து வைத்த குடும்பங்களைச் சாதனையாகச் சொல்லும் இடத்தில், பிரிந்து போக விரும்பும் பெண் தொல்லையாகத் தெரிவதில் வியப்பில்லை.

அங்கே போகும் முன் புகாரை வீட்டிலேயே எழுதிக்கொண்டு செல்லுங்கள். "என்னைக் கொடுமைப்படுத்துகிறார்" என்ற பொதுவான வரி எந்தப் பயனும் தராது. கடைசியாக நடந்ததை முதலில், தேதி, நேரம், இடம், சொன்ன சொல், அடித்த பொருள், காயம், மருத்துவச் சீட்டின் எண் என்று எழுதுங்கள். பிறகு முதன்முதலாக நடந்தது, மிக மோசமாக நடந்தது என்று பின்னோக்கிச் செல்லுங்கள். வரதட்சணை கேட்டிருந்தால் யார், எப்போது, எவ்வளவு என்பதைத் தனியாக எழுதுங்கள். இறுதியில், வழக்குப் பதிவு செய்ய வேண்டுமா, எச்சரித்தால் போதுமா, நகையை மீட்டுத்தர வேண்டுமா என்று உங்கள் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். கோரிக்கை இல்லாத புகாருக்கு அவர்களே ஒரு முடிவைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அது பெரும்பாலும் சமாதானமாகத்தான் இருக்கும்.

புகாரைக் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும். அந்த எண் இல்லையென்றால் நீங்கள் வந்ததற்கே சான்று இல்லை. அதே நேரம் சி.எஸ்.ஆர். என்பது வழக்கு அல்ல; முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., பதிவானால்தான் வழக்கு. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமைக்கான பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகிய பிரிவுகளாக இருக்கிறது. தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும். திருமணத் தகராறுகளில் வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்த லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் இடமளித்திருப்பதால், "விசாரித்துவிட்டுப் போடுகிறோம்" என்று சொன்னால் அது சட்டப்படி தவறில்லை. ஆனால் அந்த விசாரணை மாதக்கணக்கில் இழுக்கப்படக் கூடாது. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகர ஆணையருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் நடுவர் மன்றத்தை நாடலாம்.

"உன் புருஷன் ஊர் ஸ்டேஷனுக்குப் போ" என்பது திருப்பி அனுப்புவதற்கான மிகப் பழைய வழி. புகுந்த வீட்டைவிட்டு வந்து தஞ்சமடைந்த ஊரிலேயே கொடுமைப் புகாரைக் கொடுக்கலாம் என்று 2019இல் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தவிரவும், எல்லை எதுவாயினும் எந்த நிலையத்திலும் முதல் தகவலைப் பெற வேண்டும் என்பதைப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு.

புகார் கொடுத்த இரவைப் பற்றிப் பலரும் எச்சரிப்பதில்லை. 2014ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் தீர்ப்புக்குப் பிறகு, இத்தகைய வழக்குகளில் உடனடிக் கைது வழக்கமாக நடப்பதில்லை. அறிவிப்பு கொடுத்து விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அதாவது, மாலையில் நிலையத்தில் தலைகுனிந்து நின்ற கணவர் இரவு எட்டு மணிக்கு வீட்டில் இருப்பார். அந்த இரவு எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் புகார் கொடுக்கப் போக வேண்டும்.

ஏழாம் படி: நடுவர் மன்றத்தில் கேட்க வேண்டியவை

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ் நீதித்துறை நடுவரிடம் மனு செய்ய விவாகரத்துக் கேட்டிருக்க வேண்டியதில்லை. குற்ற வழக்கும் தேவையில்லை. நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு செய்யலாம். ஓராண்டுக்குள் மனு செய்திருக்க வேண்டும் என்ற வாதத்தை ஏற்றுச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்த ஒரு வழக்கில், அப்படிக் காலவரம்பு எதுவும் இந்த மனுவுக்கு இல்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. காமாட்சி என்ற பெண் தொடுத்த வழக்கு அது. பத்தாண்டுகளுக்கு முன் விரட்டப்பட்டவரையும் இன்று நீதிமன்றம் ஏற விடுவது அந்தத் தீர்ப்புதான்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வழக்கறிஞரை நியமிப்பார்கள். தொலைபேசி எண் 15100.

முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. நடைமுறையில் அது ஆண்டுக்கணக்கில் வாய்தாக்களாக நீள்கிறது. இதற்கு ஒரே மாற்று, முதல் நாளிலேயே 23ஆம் பிரிவின் கீழ் இடைக்கால ஆணை கேட்பது. உங்கள் பிரமாண வாக்குமூலத்தின் அடிப்படையில், எதிர்த்தரப்பு வராமலேயே நடுவர் அதை வழங்கலாம். பல மனுக்களில் இறுதி நிவாரணம் மட்டும் கேட்கப்பட்டு, இடைக்கால மனுவே தாக்கல் செய்யப்படுவதில்லை. வழக்கறிஞரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

வீடு பற்றிய குழப்பத்தால்தான் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "வீடு என் பெயரில், வெளியே போ" என்று மாமனார் சொன்னதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றும் அந்த மாமனார்களுக்கே சாதகமாக இருந்தது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடாயினும், அங்கே மனைவி குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்து வாழ்ந்த இல்லமே என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வனிதா வழக்கில், மூத்த குடிமக்கள் சட்டத்தைப் பயன்படுத்தி மருமகளின் குடியிருப்பு உரிமையை ஒரேயடியாக அழித்துவிட முடியாது என்றும் சொன்னது. இது சொத்துரிமையன்று, சட்டப்படியல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது என்ற உரிமை. 19ஆம் பிரிவின் கீழ், உங்களை வெளியேற்றக் கூடாதென்றும், அடித்தவரே வீட்டைவிட்டு வெளியேற வேண்டுமென்றும், இல்லையேல் அதே தரத்தில் வேறு வீடோ வாடகையோ தர வேண்டுமென்றும் கேட்கலாம். ஆனால் வீட்டிலிருக்கும் பெண்களை வெளியேறச் சொல்லி ஆணையிட முடியாது. அந்த வீட்டுக்குத் திரும்புவது பாதுகாப்பில்லை என்றால் வாடகை கேட்பதே மேல். உரிமை இருக்கிறது என்பதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

பணத்துக்கு 20ஆம் பிரிவு: ஜீவனாம்சம், மருத்துவச் செலவு, இழந்த வருமானம் ஆகிய எல்லாம் அதில் வரும். "எனக்கு வருமானமே இல்லை" என்று திடீரென ஏழையாகிவிடும் கணவர்களுக்காகவே, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. ஜீவனாம்சம் மனு செய்த நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்றும் சொன்னது. சம்பளக்காரர் பணம் கட்டத் தவறினால், வேலை தருபவரே சம்பளத்தில் பிடித்து நேரடியாகச் செலுத்தும்படி நடுவர் உத்தரவிடலாம். தாய்வீடு போட்ட நகையும் சீரும் உங்கள் தனிச் சொத்து. அவற்றைத் திருப்பித் தரும்படி 19ஆம் பிரிவின் கீழேயே கேட்கலாம். இங்கேதான் முன்பு படமெடுத்து வைத்த ரசீதுகளும் திருமணப் புகைப்படங்களும் வேலைக்கு வரும். கழுத்தில் கிடக்கும் ஆரம் புகைப்படத்தில் தெரிந்தால் அது 'இல்லவே இல்லை' என்று சொல்வது கடினம்.

எட்டாம் படி: பிள்ளைகள்

21ஆம் பிரிவின் கீழ்ப் பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பைக் கேட்கலாம். தந்தை பார்ப்பது குழந்தைக்குத் தீங்கு தரும் என்றால் சந்திப்பை மறுக்கவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும் சொல்கிறது. பிள்ளையைத் தூதுக்கும் வேவுக்கும் இரு தரப்பும் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

ஒன்பதாம் படி: சமரசம் பேசும்போது

ஊர்ப் பெரியவர்கள், உறவினர்கள், காவல் நிலையம், நீதிமன்ற ஆலோசனை என்று எங்காவது ஓரிடத்தில் சமரசம் பேசப்படும். "நீ என்ன பேசினாய் அவர் அடிக்கும்படி?" என்ற கேள்வி அங்கே கட்டாயம் வரும். நடுவர் அனுப்பும் ஆலோசனையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. வன்முறைக்கு நியாயம் கற்பிக்க எதிர்மனுதாரரை அனுமதிக்கக் கூடாது என்றும், பேச்சு தொடங்குமுன்பே அதை அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்றும் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழான 2006ஆம் ஆண்டு விதிகளின் 14ஆம் விதி சொல்கிறது. இதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றாலும் தவறில்லை.

காவல் நிலையத்தில் எழுதப்படும் சமாதானக் கடிதம் பெரும்பாலும், "எங்களுக்குள் ஏற்பட்ட சிறு மனக்கசப்பு நீங்கியது, இனி இருவரும் சண்டை போட மாட்டோம்" என்றே முடியும். அடித்தவரும் அடிவாங்கியவரும் ஒரே வரியில் சமமாகிவிடுகிறார்கள். நாளைக்கு மறுபடியும் அடி விழுந்தால், இந்தக் கடிதம் உங்களுக்கு எதிராகவே நிற்கும். கையெழுத்திடத்தான் வேண்டுமென்றால், எந்தத் தேதியில் அவர் என்ன செய்தார் என்பதை அவர் ஒப்புக்கொண்டதாக எழுதச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்திட வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு திரும்பிப் போகும் பெண்களும் இருக்கிறார்கள். பிள்ளையின் பள்ளி, தங்கையின் திருமணம், 'வாழாவெட்டி' என்ற சொல், மாதக் கடைசியில் காலியான கைப்பை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். உடன் நிற்பவர்கள் அதற்காகக் கோபித்துக்கொண்டு கையைவிட்டால், அடுத்த முறை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். திரும்பிப் போகிறவர் காகிதங்களைப் பிறந்த வீட்டிலோ தோழியிடமோ வைத்துவிட்டுப் போகட்டும். தனி வங்கிக் கணக்கை மூடாதிருக்கட்டும். 'குழம்பு என்ன வைத்தாய்' என்று கேட்டால் ஆபத்து என்று பொருள்படும்படி ஒரு சொல்லைத் தோழியோடு பேசி வைத்துக்கொள்ளட்டும். நடுவர் மன்றத்தில் கொடுத்த மனுவைத் திரும்பப் பெறச் சொல்லி வற்புறுத்துவார்கள். அதற்கு அவசரப்படாமல், சில மாதம் பொறுத்து முடிவு செய்யலாம்.

பத்தாம் படி: ஆணை கைக்கு வந்த பிறகு

ஆணையின் நகல் உங்களுக்கும் காவல் நிலையத்துக்கும் இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பது 24ஆம் பிரிவு. நிலையத்துக்கு அனுப்பிவிட்டோம் என்ற சொல்லை நம்பாமல், நீங்களே ஒரு நகலைக் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்குங்கள். எந்தத் தரப்பும் 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். கேட்டது கிடைக்காவிட்டால் உங்களுக்கும் அதே வழி உண்டு.

பாதுகாப்பு ஆணையையோ இடைக்காலப் பாதுகாப்பு ஆணையையோ மீறினால், அது 31ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதில் காவல் துறை பிடியாணையின்றிக் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியத்தை மட்டும் வைத்தே குற்றம் நடந்ததாக நீதிமன்றம் முடிவு செய்யலாம். எனவே தெருமுனையில் நின்று முறைத்தது, நள்ளிரவில் அழைத்தது, தங்கையின் மூலம் மிரட்டல் அனுப்பியது என ஆணை தடை செய்த எதையும் சிறியதென்று விடாமல், அன்றே தேதியோடு எழுதிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

ஆணையின் ஒரு நகல் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். இன்னொன்றைப் பிள்ளையின் பள்ளித் தலைமையாசிரியரிடமும், மற்றொன்றை வேலையிடத்துக் காவலாளியிடமும் கொடுத்துவிட்டு, யாரை உள்ளே விடக் கூடாது என்பதைப் பெயர் சொல்லியும் புகைப்படம் காட்டியும் தெரிவித்துவிடுங்கள்.